வசந்திக்கு, யாழினியின் கல்லூரி பற்றி

எடிசன், நியூ ஜெர்சி
செப்டம்பர் கடைசி

அன்புள்ள வசந்தி,

அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும்தான் மனம் ஆறியது. படியேறும்போது மட்டும் யாராவது கூட இருங்கள். இங்கே எல்லோரும் நலம். எங்கள் நகுலன் கல்லூரியில் இரண்டாம் வருடம் போய்விட்டான், ஞாயிறுதோறும் பேசுகிறான்.

இனி யாழினி விஷயம். பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷன் (முன்கூட்டியே விண்ணப்பித்து, கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முறை) போட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று அங்கே எல்லோரும் சொல்வதாக எழுதியிருந்தாய். கணக்கு பொய்யில்லை. 2022 டிசம்பரில் எர்லியில் விண்ணப்பித்த 6,770 பேரில் 879 பேரைப் பிரவுன் எடுத்தது. 100-க்கு 13. ரெகுலரில், அதாவது வழக்கமான சுற்றில், வந்தவர்களுக்கு 100-க்கு 4 கூடத் தேறவில்லை. ஆனால் அந்த 879 பேர் யார்? படகோட்டம், லக்ராஸ் என்று கோச் முன்பே பேசிவைத்த விளையாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் எர்லியில்தான் வருகிறார்கள். அப்பா அம்மா அங்கே படித்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்களைக் கழித்துப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு மூன்று மடங்கெல்லாம் மிஞ்சாது.

அனுகூலமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கிறிஸ்டோபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒத்த பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்த்து, முன்கூட்டி விண்ணப்பிப்பது கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 100 புள்ளி கூட வாங்கியதற்குச் சமம் என்றார்கள். இடம் கொடுத்தால் இந்தப் பிள்ளை வருமா வராதா என்பதுதான் கல்லூரிக்குப் பெரிய கவலை. எர்லி டிசிஷனில் அந்தக் கவலை இல்லை. அதனால்தான் பல கல்லூரிகள் பாதி வகுப்பை டிசம்பரிலேயே நிரப்பிவிடுகின்றன. இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் முன்கூட்டிச் சேர்க்கும் முறையையே கைவிட்டன. 2011-இல் திரும்பக் கொண்டுவந்தபோதும், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை வைக்கவில்லை.

அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது என்றே நினைக்கிறேன். எர்லி டிசிஷன் படிவத்தில் பிள்ளை, பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். நகுலனுக்குக் கிடைத்த அன்றே மற்ற விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற உட்கார்ந்தான். மார்ச் கடைசியில் அவன் சிநேகிதன் வீட்டில் நாலு கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களை மேஜையில் பரப்பி, எது எவ்வளவு தருகிறது என்று பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த வேலை இல்லை. அவன் பத்தாம் வகுப்பிலிருந்தே அந்த ஒரு கல்லூரியைத்தான் சொன்னான். அதனால் எங்களுக்கு வருத்தமும் இல்லை.

யாழினியின் நிலைமை வேறு. அவள் வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இடம் உறுதி. கேட்கிற பாடப்பிரிவு கிடைப்பதுதான் உறுதியில்லை. அக்டோபர் 15-க்குள் போட்டால் ஜனவரி 15-க்குள் ஆஸ்டின் பதில் சொல்லிவிடும். பிரவுன் பதில் டிசம்பர் நடுவிலேயே வந்துவிடும். இடம் கிடைத்தால் ஆஸ்டின் என்ன தருகிறது என்று பார்க்காமலே கைவிட வேண்டும். பிரவுனில் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலர் தாண்டுகிறது. டெக்சாஸ் பிள்ளைகளுக்கு ஆஸ்டினில் அதில் பாதிகூட ஆகாது. பிரவுன் மாதிரி ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். உங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உதவி போதவில்லை என்றால் விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதே.

அவளிடம் ஒன்றே ஒன்று கேள். ஏப்ரலில் பிரவுன், ஆஸ்டின் இரண்டும் கையில் இருந்தால் எது? சட்டென்று பிரவுன் என்றால், பணமும் கட்டுப்படியானால், போடட்டும். யோசித்தாள் என்றால் ரெகுலரே போதும். வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்பதற்காக மட்டும் பதினேழு வயதுப் பிள்ளையை ஒரே இடத்தில் கட்டிப்போட எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் கடிதத்திலும் அவள் பேச்சாக நீ எழுதியதில் ஆஸ்டின்தான் அதிகம் வருகிறது.

பிரவுன் தளத்தில், உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. சனிக்கிழமை காலை போனில் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். போன வருட டாக்ஸ் ரிட்டர்னை எடுத்து வை, அண்ணாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
கவிதா