ஏறுகிற வண்டிக்கு வழி

கார்க், அயர்லாந்து
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? கோரிமேட்டில் நாலு நாளாக மழை விடவில்லை, மலை மேலே பனி மூட்டத்தில் எதிரில் வருகிற வண்டிகூடத் தெரியவில்லை என்று தம்பி சொன்னான். இங்கேயும் மழைதான். ஆனால் நம்மூர் மழை மாதிரி அடித்துப் பெய்துவிட்டு ஓயாது. நாள் முழுக்கச் சாரல். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "டிகிரி முடிச்சாச்சு, வேலைக்கும் போற, இன்னும் எதுக்கு கண்ணு பரீட்சை?" டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் "மேல படிக்கக் கேக்கறாங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது பாதி பதில்தான். மீதிப் பாதியைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதல் பாதி இதுதான். முதியோர் பராமரிப்பில் மேற்படிப்பு சேர வேண்டுமானால் ஆங்கிலத் தகுதிக்குச் சான்று வேண்டும். கேம்பிரிட்ஜ் நடத்துகிற சி1 அட்வான்ஸ்டு என்ற தேர்வை நான் சேர நினைக்கிற கல்லூரி ஏற்றுக்கொள்கிறது. படிப்பதற்கு, எழுதுவதற்கு, கேட்பதற்கு, பேசுவதற்கு என்று தனித்தனித் தாள். எல்லாவற்றின் சராசரி 180 வந்தால் சி1 என்ற உயர்நிலையை எட்டியதாக அர்த்தம். 200-ஐத் தொட்டால் ஏ கிரேடு. எனக்கு 180 போதும்.

மீதிப் பாதி வேலை செய்கிற இடத்தில் நடந்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் 90 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். கெர்ரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்துக்காரர். இங்கிலீஷ் பேசுவார், ஆனால் தாய்மொழி ஐரிஷ். களைத்துப் போனால் ஐரிஷில்தான் முனகுவார். மார்ச் மாதம் ஒரு காலை, இரவு ஷிப்ட் முடித்துப் போகிறவர் ஒவ்வொருவர் நிலவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தப் பாட்டியைப் பற்றி "ஷீ இஸ் ஒன்லி ஆஃப்டர் ஈட்டிங்" என்றார். "சாப்பிட்ட பிறகுதான்" என்று எனக்குக் காதில் விழுந்தது. சாப்பிட வைத்துவிட்டுத்தான் குளிக்க வைக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஓட்ஸ் கஞ்சியைச் சூடு பண்ணி எடுத்துப் போய் ஊட்டினேன். பாட்டி மறுக்கவில்லை. ஏழெட்டுக் கரண்டி வாங்கிக்கொண்டார். அரை மணி நேரத்தில் அத்தனையும் வாந்தி.

அப்பா, "இப்போதுதான் சாப்பிட்டார்" என்பதற்கு இவர்கள் அப்படிச் சொல்வார்களாம். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அப்படியே இவர்கள் இங்கிலீஷுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதே விஷயத்தைத் தேர்வில் "ஹேஸ் ஜஸ்ட் ஈட்டன்" என்று எழுத வேண்டும். வார்டில் "ஆஃப்டர் ஈட்டிங்" என்பதைக் காது பிடிக்க வேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை. பாட்டிக்கும் மதியத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அவர் துணியை மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "சாரி, சாரி" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்டது அவர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டுகிற பழக்கத்தை விட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மறுவாரம் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம் வாங்கினேன்.

அந்தப் பாட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரிஷ் மொழியில் 'ஆமாம்', 'இல்லை' என்று தனியாகச் சொற்களே கிடையாதாம். எந்த வினையால் கேட்டார்களோ அதே வினையாலேயே பதில் சொல்வார்களாம். அதனால் இங்கிலீஷிலும் "டீ குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் "எஸ்" என்று பாட்டி சொல்வதில்லை, "ஐ வில்" என்பார். "தூங்கினீர்களா?" என்றால் "ஐ டிட்." நம் வீட்டில் "சாப்ட்டியா?" என்றால் "சாப்ட்டேன்" என்றுதானே சொல்கிறோம்? அவரிடம் பேசும்போது ஏனோ அம்மாச்சியிடம் பேசுகிற மாதிரியே இருக்கும். காரணம் இதுதான் என்று தெரிந்த நாளில் சந்தோஷமாக இருந்தது. இங்கே சாலைப் பலகைகளில் ஐரிஷ் மேலே, இங்கிலீஷ் கீழே. பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் எல்லாரும் ஐரிஷ் படிக்கிறார்கள். ஆனாலும் என்னோடு வேலை செய்கிறவர்கள் பலர், ஐரிஷ் பேசச் சொன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்த கூச்சம்.

இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. காலேஜ் இரண்டாம் வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டீர்களே, அதற்காக நீங்கள் டபுள் டூட்டி பார்த்தது எனக்குத் தெரியும். அங்கே மூன்றாம் நாள் என்னை எழுப்பி, உன்னைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசு என்றார்கள். "மை பாதர் இஸ் பஸ் டிரைவர்" என்று ஆரம்பித்தேன். நான் சொன்ன மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டி, வகுப்பையே சிரிக்க வைத்தார் சொல்லிக் கொடுத்தவர். உங்கள் வேலையைச் சொல்லும்போது சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதமும் தவறாமல் போனேன், கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை. "எப்படிப் போகுது?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "நல்லாப் போகுதுப்பா" என்றேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது படிக்கிறது எப்படி என்று சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேஜைதான். உங்கள் மாப்பிள்ளை எழுவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்கும். படிக்கிற தாளுக்கும் சரியாக 90 நிமிஷம்தான், 56 கேள்வி. போனில் அலாரம் வைத்துவிட்டு உட்காருவேன். ஏற்காடு காபித்தூள் தீர்ந்து போய்க் கடைத்தூளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதில் ஒரு பகுதி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். அதே அர்த்தம் வருகிற மாதிரி இன்னொரு வாக்கியத்தை நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு சொல்லையும் அவர்களே தருவார்கள். அந்தச் சொல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அதையும் சேர்த்து மூன்றிலிருந்து ஆறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும். மழை எங்களை மலைக்குப் போக விடவில்லை என்று ஒரு வாக்கியம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பிரிவென்டட்' என்ற சொல்லைக் கொடுத்து, "மழையால் நாங்கள்" என்று தொடங்கச் சொல்கிறார்கள். நான் "வேர் பிரிவென்டட் டு கோ" என்று எழுதினேன். 'போக' என்றால் 'டு கோ'தானே என்று தமிழ் மனசு சொல்லியது. சரியான விடை "வேர் பிரிவென்டட் ஃப்ரம் கோயிங்." ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மார்க். வாக்கியத்தை இரண்டு துண்டாகப் பார்ப்பார்கள். எனக்கு முதல் துண்டு சரி, இரண்டாவது தப்பு, ஒரு மார்க். சின்னச் சொற்களில்தான் நான் சறுக்குகிறேன். நாம் ஒட்டாகச் சேர்த்துவிடுகிறதை இவர்கள் தனிச் சொல்லாக முன்னால் வைக்கிறார்கள். தப்பு விட்ட சின்னச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறேன். நோட்டு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

கட்டுரை ஒன்று கட்டாயம், 220-லிருந்து 260 சொல்லுக்குள். பொதுப் போக்குவரத்து பற்றி ஒரு பயிற்சிக் கட்டுரை வந்தது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும், அம்மா செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்க யாரிடமும் பஸ் காசு கேட்காமல் போய் வருவதையும் எழுதினேன். வாரம் ஒருமுறை எனக்குத் திருத்திக் கொடுக்கிற ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அம்மா வருகிற பத்தியின் ஓரத்தில் ஒரு டிக் போட்டு, "இது உன் கட்டுரை" என்று எழுதியிருந்தார். அவர்தான் ஒரு கதையும் சொன்னார். இந்தத் தேர்வுக்கு மேலே ஒரு படி உண்டு. கேம்பிரிட்ஜ் அதை 1913-இல் முதல் முறையாக நடத்தியபோது எழுதியவர்கள் மூன்றே பேர். 12 மணி நேரத் தேர்வு. மூன்று பேருமே தேறவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து மாதிரித் தேர்வில் மார்க் குறைந்தால் முன்னளவு கலங்குவதில்லை.

கேட்கிற தாளில் எல்லாவற்றையும் இரண்டு முறை போடுவார்கள். வார்டுக்குப் போய்ப் போய் அது எனக்குக் கொஞ்சம் தேவலை.

பயம் எல்லாம் பேசுவதில்தான். பேச்சுத் தேர்வு ஒருவராகக் கிடையாது, இரண்டு பேராக உட்கார வைப்பார்கள். எதிரே இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் ஒன்றும் பேசாமல் மார்க் மட்டும் போடுவார். மொத்தம் 15 நிமிஷம். படங்களைக் கொடுத்து ஒரு நிமிஷம் தனியாகப் பேசச் சொல்வார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரு விஷயத்தைச் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். சேர்ந்து பேசுகிற விதத்துக்கே தனி மார்க் உண்டு. என்னோடு பயிற்சி செய்கிறவள் பிரேசில்காரப் பெண், காபிக் கடையில் வேலை. ஞாயிறு மதியம் லீ ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்காருவோம், மழை என்றால் அவள் அறையில். நல்ல பெண், அருவி மாதிரி பேசுவாள். எனக்கு ஒரு சொல் கிடைக்காமல் நின்றால், உடனே அவளே என் வாக்கியத்தை முடித்துவிடுவாள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறாள். ஆனால் எனக்கு ஒரு முறை நின்றுவிட்டால் மறுபடி ஆரம்பிக்க முடியாமல் போய்விடும்.

போன மாதம் அதை அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது உங்கள் பஸ்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். பள்ளி லீவு. ஏற்காட்டிலிருந்து கடைசி டிரிப் இறங்கிக்கொண்டிருந்தோம். உங்களுக்குப் பக்கத்தில் இன்ஜின் சூட்டில் கால் வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். இருபது வளைவையும் எண்ணிக்கொண்டு வருவது என் வேலை. ஒரு வளைவில் பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று கீழே இருந்து முனகிக்கொண்டு ஏறி வந்தது. நீங்கள் பஸ்ஸை நிறுத்தி, கொஞ்சம் பின்னாலும் எடுத்துப் பாறை ஓரமாக ஒதுக்கினீர்கள். பின் சீட்டில் யாரோ "நமக்குத்தான் நேரமாச்சே, அவன் நிக்கட்டுமே" என்று சத்தம் போட்டார். நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "ஏறுறவன் நின்னுட்டா மறுபடி எடுக்கறது கஷ்டம். இறங்கறவன் நிக்கலாம்." லாரிக்காரர் கடந்து போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார். நீங்களும் ஒற்றை விரலைத் தூக்கினீர்கள்.

அதை அப்படியே இங்கிலீஷில் அவளுக்குச் சொன்னேன். மலை, வளைவு, லாரி, பின் சீட்டுக்காரர், நீங்கள் சொன்னது. "மை பாதர் வாஸ் எ பஸ் டிரைவர்" என்றுதான் ஆரம்பித்தேன். அவள் பயிற்சிக்காகப் போட்டிருந்த டைமரை நிறுத்த மறந்துவிட்டாள். நான் முடிக்கும்போது இரண்டு நிமிஷம் பத்து வினாடி. ஒரு இடத்திலும் அவள் குறுக்கே வரவில்லை. எனக்குப் 'பாறை ஓரம்' என்பதற்குச் சொல் கிடைக்காமல் நின்றேன். அவள் காத்திருந்தாள். பெஞ்சின் ஓரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். முடித்ததும் "உங்க அப்பாவா சொன்னார்?" என்று கேட்டாள். இப்போது நான் நின்றால் அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேசி ஓய்கிற இடத்தில் நுழைய நானும் கற்றுக்கொண்டேன்.

தேர்வில் அவள் எனக்கு ஜோடியாக வரமாட்டாள். யாரென்றே தெரியாத ஒருவர் வருவார். அவருக்கும் சொல் கிடைக்காமல் போகலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் அப்பா.

தேர்வு 29-ஆம் தேதி சனிக்கிழமை. பேச்சுத் தேர்வும் அன்றைக்கே மதியம் என்று போட்டிருக்கிறார்கள். நம்மூரில் அப்போது இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். நீங்களாகக் கூப்பிட வேண்டாம், வெளியே வந்ததும் நானே கூப்பிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். தம்பியின் நண்பர் டிசம்பரில் இங்கே வருகிறாராம். அவரிடம் காபித்தூள் அரைக் கிலோ, மிளகு கொஞ்சம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். காபித்தூளில் ஒரு சின்னப் பொட்டலம் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், அது அந்தப் பிரேசில் பெண்ணுக்கு. அம்மாவை மருந்து நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
செல்வி