நடுவில் இருந்த வரிகள் எங்கே?

பள்ளிக் கணக்குக்கு விடைநூல் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும்,

வணக்கம். படிகளை விழுங்கிவிட்டு விடையை மட்டும் அச்சிடும் பழக்கம் பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. பக்கம் கூடக்கூடாது, விலை ஏறக்கூடாது, எல்லாம் புரிகிறது. ஆனாலும் போன வாரம் ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணக்கு, 5¼ − 2⅔. நூலில் இருக்கும் தீர்வு: 5¼ − 2⅔ = 31/12 = 2 7/12. அவ்வளவுதான். அட்டையிலோ 'படிப்படியான விளக்கத்துடன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

என் மகளுக்கு வந்த விடை 3 5/12. முழு எண்களைத் தனியாகக் கழித்து 3 என்று வைத்திருக்கிறாள். அப்புறம் ¼-லிருந்து ⅔ போகாது என்றதும், ⅔-லிருந்து ¼-ஐக் கழித்து 5/12 என்று எழுதிவிட்டாள். பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம்தான் இது. பின்னம் சொல்லிக்கொடுத்த எவருக்கும் தெரியும். தன் தவறு எங்கே என்று பார்க்கத்தான் உங்கள் நூலைத் திறந்தாள். திறந்ததும் தவறு மறந்துபோய், அந்த 31 எங்கிருந்து குதித்தது என்று தேடத் தொடங்கிவிட்டாள்.

21/4 − 8/3 என்று ஒரு வரி. 4, 3 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12 என்று ஒரு வரி. 63/12 − 32/12 என்று ஒரு வரி. இந்த மூன்றும் இருந்தால் 31 தானே வந்துவிடும். மனமிருந்தால், 5-லிருந்து 1 கடன் வாங்கி 4 15/12 − 2 8/12 என்றும் ஓரமாகக் காட்டலாம். அவள் போன வழியிலேயே சரியான விடைக்கு வந்திருப்பாள்.

நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு வரியில் ஒரு வேலை.

விடை சரியாக இருந்தாலும், படி எழுதாத பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் குறைகிறது. அந்தத் தேர்வை, படிகளுக்குப் பதிலாக 'சுருக்க', 'எனவே', 'இதேபோல்' என்ற மூன்று சொற்களோடு நீங்கள் எழுதினால் எவ்வளவு தேறும்? கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் சமக்குறியை (=) அச்சில் கொண்டுவந்தது, 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதும் அலுப்பைத் தவிர்க்க. நீங்கள் அதை வைத்துக் கணக்கையே தவிர்க்கிறீர்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கு அரைப் பக்கம் விளக்குவீர்கள். கடினமான கணக்கு வந்தால் 'மாணவர்களே முயன்று பார்க்கவும்' என்று நழுவிவிடுவீர்கள். நல்ல ஏற்பாடு!

சரி, கோபம் போதும். அடுத்த பதிப்பில் கணக்குகளின் எண்ணிக்கையை வேண்டுமானால் குறையுங்கள், வரிகளைக் குறைக்காதீர்கள். ஒரு வரியில் ஒரு வேலை. அச்சுக்கு அனுப்புமுன் அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒன்றிடம் பக்கங்களைக் கொடுத்துப் பாருங்கள். 'இது எப்படி வந்தது?' என்று கேட்கும் இடத்திலெல்லாம், தயவுசெய்து, இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்