ரங்கூனிலிருந்து தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. வியாசர்பாடி வீட்டு மாடிப்படியில் இன்னும் மூன்று மாதம் கால் வைக்காதே. இங்கே எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு கோயில் மண்டபத்தில் நடக்கிறது. பத்தொன்பது பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் நான்கு பேருக்குப் பர்மிய மொழி தவிர வேறொன்றும் தெரியாது.

எல்லாத் தளத்தையும் ஒரேபோல் நடத்த வேண்டும் என்கிற இணையச் சமநிலை பற்றி உன் பேரன் கேட்ட கேள்வியை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். கோபுரம் நட்டுக் கம்பி இழுக்கிற செலவு தொலைபேசி நிறுவனங்களுடையது. அந்தப் பாதையில் படம் ஓட்டிச் சம்பாதிப்பது யூடியூப்பும் நெட்ஃபிளிக்ஸும். அவர்கள் பாதைக்கூலி கொடுத்தால் என்ன தவறு என்கிறான். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதைக்கான கூலியை அவன் மாதாமாதம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறான்? அந்தப் படத்தைக் கேட்டு வாங்கியதும் அவன்தான். அனுப்புகிறவரிடமும் ஒரு முறை வசூலிக்கலாம் என்று ஆகிவிட்டால், கொடுக்க முடியாதவன் வாசலுக்கு வெளியே நிற்பான். தென் கொரியாவில் அப்படி ஒரு முறை இருக்கிறது. அங்கே கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி நேரலைக் காணொளி காட்டும் ட்விட்ச் நிறுவனம் 2024 பிப்ரவரியில் கடையை மூடியது. அமேசானுடைய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், தமிழ்ப் பாடத்தை இலவசமாக ஏற்றி வைக்கிற ஒரு வாத்தியார் எங்கே போவார்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று நினைப்பாய். நாங்கள் பட்ட பாடு அப்படி.

இங்கே ஒரு காலத்தில் சிம் அட்டையின் விலை ஆயிரக்கணக்கான டாலர். 2013இல் 1,500 கியாட்டுக்கு, அதாவது எங்கள் ஊர்ப் பணத்தில், சிம் என்று குலுக்கல் நடத்தினார்கள். மறு ஆண்டு ஊரிடூ, டெலினார் என்ற வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்தன. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர் கைக்கும் போன் வந்துவிட்டது. கடிதத்துக்காக மாதக்கணக்கில் தபால்காரரைப் பார்த்திருந்த நமக்கு அது எத்தனை பெரிய காரியம்! 2016 ஜூனில் ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' வந்தது. பட்டியலில் இருக்கும் தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், பட்டியலைத் தாண்டினால் காசு. அதே திட்டத்தை உங்கள் ஊரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்றே தடுத்துவிட்டது. தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம் என்று விதி போட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. அதில் ஒன்று உன் மகனுடையது என்று நீ எழுதியிருந்தாய். இங்கே அப்படிக் கேட்க ஆளும் இல்லை, கேட்டுக்கொள்ளும் இடமும் இல்லை.

ஏழைக்கு அந்த இலவசம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த தெருப் பெண் ஒருத்தி முதன்முதலாக இணையத்தைப் பார்த்ததே அதில்தான். அவளுடைய மகிழ்ச்சியை நான் கண்ணால் கண்டேன். அந்தத் திட்டம் 2017 செப்டம்பரில் நின்றுவிட்டது. ஆனால் இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான் என்ற பழக்கம் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது, நிற்கவும் இல்லை. இங்கே சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்கள்மீது வெறுப்பைப் பரப்ப அதே மேடை பயன்பட்டது என்று 2018இல் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு எழுதியது. பெரும்பாலோருக்கு ஃபேஸ்புக்கே இணையம் என்பதையும் சேர்த்தே எழுதியது. அங்கே வந்த பொய்யைச் சரிபார்க்க இன்னொரு கதவு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

பிறகு 2021. பிப்ரவரி 1 விடியலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நான்காம் தேதி ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். 15ஆம் தேதியிலிருந்து இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை இணையமே கிடையாது. மார்ச் 15 அன்று கைப்பேசி இணையம் அடியோடு நின்றது. கொரோனாக் காலத்தில் போன் வழியாக நான் நடத்திவந்த வகுப்பும் அன்றோடு நின்றது. பிள்ளைகளின் வீடுகளில் போனைத் தவிர வேறு வழி இல்லை. மே மாதம் கொஞ்சம் திறந்தார்கள். எப்படித் தெரியுமா? ஒரு பட்டியலோடு! அனுமதி பெற்ற சுமார் 1,200 சேவைகள் மட்டும். வங்கிச் செயலிகள் இருந்தன, யூடியூப் இருந்தது, ஃபேஸ்புக் இல்லை.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. 2016இல் பரிசாக வந்ததும் பட்டியல்தான், 2021இல் கட்டளையாக வந்ததும் பட்டியல்தான். எது உள்ளே, எது வெளியே என்று நடுவில் நிற்கும் ஒருவர் பிரித்து வைக்கலாம் என்று நாம் ஒப்புக்கொண்டால், அந்த இடத்தில் நாளைக்கு யார் வந்து உட்காருவார் என்பது நம் கையில் இல்லை. இந்த நாட்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் சீர்திருத்தக் காலத்தில், 2013இல் எழுதியது. அவசர நிலையில் சேவையை நிறுத்தச் சொல்லலாம் என்று அதன் 77ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அப்போது அதைப் படித்துப் பயந்தவர்கள் மிகக் குறைவு.

ஆகவே உன் பேரனிடம் என் சார்பில் ஒன்று கேள். உங்கள் விதி நிறுவனங்களைக் கட்டிப்போட்டது, மிக நல்லது. அரசாங்கத்தை எது கட்டுகிறது? காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை நிறுத்தினார்கள். 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று சொன்ன பிறகும் ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இணையச் சமநிலை பேசுகிற பிள்ளைகள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். எனக்கு இது ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

முடக்கிய தளங்களைச் சுற்றுவழியில் பார்க்க உதவும் வி.பி.என். வழிகளையும் இங்கே 2024 மே மாதக் கடைசியிலிருந்து அடைத்து வருகிறார்கள். அதனால்தான் நாம் பத்து வயதில், நீ கப்பலேறிய பிறகு எழுதிக்கொண்டதுபோல் காகிதத்தில் எழுதி, சென்னைக்கு வரும் என் அண்ணன் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பொங்கல் முடிந்து திரும்புகிறான். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கும் மழலைப் பாடங்களைப் பேரனை விட்டு ஒரு பென் டிரைவில் இறக்கிக் கொடு. ஒன்றாம் வகுப்புப் பாடநூல் இருபது பிரதியும் வேண்டும், ஒன்று எனக்கு.

அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழி