காது நோவுக்கும் நிறைக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் காது நோவுக்குக் காட்டப் போன என் அக்காவிடம், காதைப் பார்க்க முன்னமே "முதலில் நிறையைக் குறையுங்கோ" என்றாராம் வைத்தியர். சனலிங் காசும் போச்சு, காதும் நோகுது.

நிறை கூடினால் நீரிழிவும் பிரஷரும் வரும் வாய்ப்புக் கூடும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தைரொய்ட் மந்தமானாலும், ஸ்டீரொய்ட் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தாலும்கூட உடம்பு வைக்கும் என்பது வைத்தியர்களுக்குத் தெரியாததா என்ன, பிறகு ஏன் எடுத்த எடுப்பிலேயே சோறும் பலகாரமும்தான் காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள்? உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்க எல்லாரும் நம்பியிருக்கும் பிஎம்ஐ கணக்கின் அடிப்படையே 1830களில் பெல்ஜியத்துப் புள்ளிவிபர அறிஞர் கெற்றலே, சனங்களின் சராசரியை அறியப் போட்டது. தனி ஆளின் நோயைக் கண்டுபிடிக்க அல்ல.

இன்னொன்று, பருத்த கைக்குச் சின்னப் பட்டியைக் கட்டிப் பிரஷர் பார்த்தால் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். பெரிய பட்டி இருக்கிறது, வாங்கி வைக்கலாம். இல்லாத பிரஷருக்கு மாத்திரை விழுங்குவது யார்?

2020இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, இப்படி அவமானப்படுத்துவதால் நோயாளிகள் சிகிச்சைக்கு வரவே தயங்குகிறார்கள் என்று 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினார்கள். அக்காவும் இப்போது பாமசியில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு இருக்கிறார், வேறு வைத்தியரிடம் போவோம் என்றால் அசைகிறார் இல்லை.

அப்புறம், நிறையை வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கும் பழக்கத்தையாவது கிளினிக்குகள் நாளைக்கே நிறுத்தலாம், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஒரு வாசகி,
கொழும்பு 6