ஒரே போனில் முழு வகுப்பும்: பிளிக்கர்ஸ் அட்டை

ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ப்ரொஜெக்டரும் இல்லை, பிள்ளைகளிடம் போனும் இல்லை என்ற நம் தோட்டப் பாடசாலை வகுப்புகளுக்கு, பிள்ளைகள் தூக்கும் அட்டைகளைப் போன் கமராவால் வாசித்து விடைகளைக் காட்டும் பிளிக்கர்ஸ் செயலி மாதிரி பொருத்தமானது வேறில்லை. உங்கள் போன் ஒன்று போதும். 40 அட்டைகள் கொண்ட தொகுதியை பிளிக்கர்ஸ் இணையத் தளத்தில் இலவசமாக எடுத்து, கொமியுனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சிடலாம்.

இடாப்பு இலக்கத்தையே அட்டை இலக்கமாகக் கொடுங்கள். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி இருக்கும். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்க, நீங்கள் கமராவை மெதுவாக வகுப்பின் குறுக்கே நகர்த்த வேண்டும். யார் சரி, யார் பிழை என்று உடனே தெரியும். ஒவ்வோர் அட்டையிலும் உள்ள கறுப்பு வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. வாயே திறக்காத பிள்ளையும் விடை சொல்லும். அதற்காகவே இதைச் செய்யலாம்.

பளபளப்பான லெமினேட் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கமரா வாசிக்காது. பிரிஸ்டல் போட்டில் ஒட்டினால் போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் வாசிக்காது, வெள்ளை ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். பனி மூடிய நாளில் ஜன்னல் பக்கம் அட்டையின் முகம் திரும்பியிருக்கட்டும்.

வினாக்களை முதல் நாளே பிளிக்கர்ஸில் ஏற்றிவிடுங்கள். வகுப்பில் டேட்டா தேவை. சிக்னல் பிடிக்கும் மூலையை முன்பே பார்த்து வையுங்கள்.