கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு சாயங்காலம்

வியாசர்பாடி வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எம்.கே.பி. நகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கடையில் நிற்க இடம் இருக்காது. இன்ஜினியரிங் விண்ணப்பம், அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங் (எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் பதிவது), எல்லாம் இங்கேதான்.

போன வருஷம் ஹார்பரில் லோடு ஏற்றுகிற அண்ணன் ஒருத்தர் மகனோடு வந்தார். கணக்கு 72, இயற்பியல் 78, வேதியியல் 80. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கினால் கட் ஆஃப் 200-க்கு 151. "எந்த காலேஜாவது போட்டு விடு தம்பி, இன்ஜினியர்னு பேர் வந்தா போதும்" என்றார். பையன் வாயே திறக்கவில்லை. பாடப் புத்தகத்து இன்டக்ரேஷன் கணக்கு ஒன்றை எண் மட்டும் மாற்றி எழுதி அவன் பக்கம் தள்ளினேன். பேனாவை எடுத்தான், வைத்தான். "இது புக்ல இல்லையேண்ணா."

அந்த 72 எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியும். அகமதிப்பீடு 10. ஒன்வேர்டு 20, பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள். ஒரு கணக்கு போடாமலே 30 கையில் இருக்கிறது. மீதிக்குத் திரும்பத் திரும்ப வரும் கணக்குகளை மனப்பாடம் செய்தால் ஆயிற்று. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை; பாஸாக்க அவர்கள் படும் பாடு தெரியும். ஆனால் அந்த மார்க்கை நம்பி நான்கு வருஷத்தை எழுதிக் கொடுக்கலாமா?

நான் எழுதிக் கொடுத்தவன். முதல் செமஸ்டர் கணக்குத் தாளான எம் ஒன்னில் ஒன்வேர்டே கிடையாது. எங்கள் காலத்தில் 2 மார்க் பத்து, 16 மார்க் ஐந்து. ஐந்தாவது தடவைதான் தேறினேன். மொத்தம் 14 அரியர், அதாவது தேறாமல் பாக்கி வைத்த தாள்கள், பட்டம் கைக்கு வர ஆறு வருஷம். அம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் "எக்ஸாம் ஃபீஸ்" என்று மட்டும் சொல்வேன், அரியருக்கு என்று சொன்னதில்லை. இதே நான் பிளஸ் டூ முடித்து நேராகப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, டிப்ளமோவோடு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போயிருந்தால் ஐந்து வருஷத்தில் முடிந்திருக்கும். சொல்ல ஆளில்லை.

அதற்காகச் சுமார் மார்க் என்றாலே இன்ஜினியரிங் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 128 கட் ஆஃபில் போன எங்கள் தெருப் பெண் ஒரு அரியர் இல்லாமல் முடித்தாள். அவள் தப்பாய்ப் போட்ட கணக்கை விடமாட்டாள், விடை வரும்வரை சாப்பிடக்கூட எழ மாட்டாள். 151-ஐயும் 128-ஐயும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். சாய்ஸ் ஃபில்லிங் தொடங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் பெற்றோர்களையும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். எண் மாற்றிய இரண்டு கணக்கைக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வையுங்கள். விடை முக்கியமில்லை, யார் விடாமல் முட்டிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். முடியாதவர்களுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது, நம்ம ஊரிலேயே அம்பேத்கர் கலைக் கல்லூரி இருக்கிறது. இன்ஜினியரிங்தான் என்று முடிவெடுப்பவர்களுக்கு ஒவ்வொரு கல்லூரியின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தைக் காட்டுங்கள். அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, பிரிண்ட் என் செலவு. முன்பணம் கேட்டு வீடு தேடி வரும் புரோக்கரை நம்பி மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வழக்கமாக மேடையில் பேச கேம்பஸில் வேலை கிடைத்தவரைக் கூப்பிடுவீர்கள். இந்தத் தடவை அரியர் வைத்த ஒருத்தரும் பேசட்டும். யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் மார்க் ஷீட்டுகளோடு நானே வருகிறேன். ஆறு மணிக்கு மேல் என்றால் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரன்