என் பேர்ல யாருக்கோ கடன் கொடுத்தவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடன் கொடுக்கிற வங்கிகள், ஃபைனான்ஸ் கம்பெனிகள் எல்லாருக்கும் வணக்கம்.

தவணை கட்டலன்னு உங்கள்ல ஒருத்தர் ஆபீஸ்ல இருந்து முதல்ல போன் வந்தப்போ ராங் நம்பர்னு வெச்சிட்டேன். நாலாவது தடவை என் பேர், பிறந்த தேதி, அப்பா பேர் எல்லாம் சரியா சொல்லி மிரட்டினப்போதான் வயித்த கலக்குச்சு. என் பேர்ல என்னென்ன கடன் இருக்குன்னு காட்டுற கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தா மூணு கடன், மூணும் நான் வாங்காதது.

நடையா நடந்து ஒரு விண்ணப்பத்தோட காப்பி வாங்கினேன். ஐடி ஜெராக்ஸ் என்னோடதேதான், மூலைல மடிச்ச கோடு கூட அப்படியே விழுந்திருக்கு, எப்பவோ வாடகை வீடு தேடும்போது புரோக்கர்கிட்ட கொடுத்தது. ஆனா பக்கத்துல இருக்கிற போட்டோ யாரோ ஒருத்தன். கையெழுத்துல இனிஷியல் கடைசில இருக்கு, நான் பள்ளிக்கூட காலத்துல இருந்து முன்னாடி போடுறவன். ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சு ஒரு நிமிஷம் பார்த்திருந்தா அங்கயே மாட்டியிருப்பான்.

அவனுக்கு ஒரு ஜெராக்ஸ் போதும், நான்தான் நான்னு காட்ட எனக்கு மட்டும் போலீஸ் புகார் நகல், எழுத்துல மறுப்பு, கையெழுத்து மாதிரி, அதையும் மூணு இடத்துல தனித்தனியா, ஒவ்வொரு தடவையும் புது ஆள்கிட்ட முதல்ல இருந்து கதை சொல்லணும், இது என்னங்க நியாயம்?

பிறந்த தேதியும் அம்மா பேரும் ரகசியம்னு இன்னும் நம்பாதீங்க. 2017ல கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கிற ஈக்விஃபாக்ஸ்ங்கிற ஒரே அமெரிக்க கம்பெனில இருந்து சுமார் 14.7 கோடி பேரோட விவரம் திருடு போச்சு. ஓடிபி அனுப்புறோமேன்னு சொல்வீங்க, என் பேர சொல்லி என் நம்பருக்கு அவனே புது சிம் வாங்கிட்டா அந்த ஓடிபி யாருக்கு போகும்? 2019ல ட்விட்டர் தலைவரா இருந்த ஜாக் டார்சி கணக்கே போன் நம்பர் அடுத்தவன் கைக்கு போனதாலதான் பறிபோச்சு.

நான் இப்போ எந்த ஜெராக்ஸ் கொடுத்தாலும் எழுத்து மேலயே குறுக்க எதுக்கு, யாருக்கு, என்னைக்குன்னு எழுதித்தான் கொடுக்கிறேன். மெயிலுக்கு தனி பாஸ்வேர்டு, அது போதாதுன்னு போன் ஆப்ல வர்ற ரகசிய எண்ணும் வெச்சிருக்கேன், ஏன்னா மெயில் போச்சுன்னா மத்த பாஸ்வேர்டு எல்லாத்தையும் அதை வெச்சே மாத்திடுவான். திடீர்னு சிக்னல் போய் வரவே இல்லன்னா உடனே போன் கம்பெனிய கேக்குறேன். எங்க வேலைய நாங்க பார்க்குறோம்.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். புது கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி எங்க பழைய நம்பர், மெயில் ரெண்டுக்கும் தகவல் அனுப்புங்க. அமெரிக்காவுல 2018ல இருந்து யார் வேணா தன்னோட கிரெடிட் ரிப்போர்ட்ட, தன் பேர்ல வேற யாரும் புது கடன் வாங்க முடியாதபடி, காசில்லாம பூட்டி வெச்சுக்கலாம், அந்த வசதி எல்லா ஊர்லயும் வரட்டும். புகார் வந்தா ஒரே நம்பர், ஒரே ஆள், விசாரணை முடியுற வரைக்கும் வசூல் போன் வேண்டாம். எங்க அம்மா இன்னும் தெரியாத நம்பர் வந்தா எடுக்க பயப்படுறாங்க.

மூணுல ரெண்டு கடன நீக்கிட்டாங்க. மூணாவது கம்பெனிக்கு மட்டும் சொல்றேன், என் புகாரும் பேப்பரும் உங்க மேஜைல இருக்கு, அந்த போட்டோவ என் ஐடி பக்கத்துல வெச்சு ஒரே ஒரு தடவை பாருங்க.